எறிபொருள் கணக்கில் முதலில் தேட வேண்டியது நேரத்தை

கேள்வி கேட்டவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர். எறிந்த பொருளின் பறக்கும் காலம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எறிந்த இடத்திலிருந்து விழும் இடம் வரை உள்ள தூரம்) என்று மூன்று சூத்திரங்களும் அவருக்கு மனப்பாடம். நேரடியாகக் கேட்டால் விடை வந்துவிடுகிறது. மாடியிலிருந்து எறிந்தால் எங்கே விழும், சுவரைத் தாண்டுமா, எந்த வேகத்தில் எறிய வேண்டும் என்று கேள்வி கொஞ்சம் திரும்பினால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்கிறார். நீட் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறார்.

முதலில், அந்த மூன்று சூத்திரங்களையும் ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அவை தவறானவை அல்ல. ஆனால் பறக்கும் காலமும் நெடுக்கமும் ஒரே ஒரு நிலைமைக்குப் பொருந்துபவை: எந்த மட்டத்திலிருந்து எறிந்தோமோ அதே மட்டத்தில் பொருள் வந்து விழ வேண்டும். பெரும உயரச் சூத்திரம்கூட எறிந்த புள்ளியிலிருந்துதான் உயரத்தைச் சொல்கிறது, தரையிலிருந்து அல்ல. பாடப்புத்தகத்தில் இந்த நிபந்தனை ஒரு வரியில் வந்து போய்விடும், சூத்திரம் மட்டும் கட்டம் கட்டி நிற்கும். அதனால் மனதில் தங்குவது சூத்திரம்தான், நிபந்தனை தங்குவதில்லை.

சூத்திரத்துக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் நேரம் எந்தப் பக்கத்திலிருந்து கிடைக்கும், செங்குத்துப் பக்கத்திலிருந்தா, கிடைப் பக்கத்திலிருந்தா? இதற்குப் பதில் தெரிந்தால் கணக்கு பாதி முடிந்த மாதிரி. ஏன் என்று சொல்கிறேன்.

எறிந்த பொருளின் மீது, காற்றை விட்டுவிட்டால், ஒரே ஒரு விசைதான்: புவியீர்ப்பு. அது கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. பக்கவாட்டில் எதுவும் இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. ஆகவே கிடைத் திசையில் வேகம் கடைசி வரை மாறாது. செங்குத்துத் திசையில் ஒவ்வொரு வினாடிக்கும் சுமார் 9.8 மீட்டர்/வினாடி வீதம் கீழ்நோக்கி மாறிக்கொண்டே இருக்கும். இங்கே கணக்கை எளிதாக்க 10 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக, ஒரே பந்துக்கு இரண்டு தனித்தனி இயக்கங்கள். ஒன்றில் நடப்பது மற்றொன்றைப் பாதிக்காது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் மட்டும்தான்.

1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ இந்தப் பிரிப்பைத்தான் செய்தார். கிடையில் சீரான இயக்கம், செங்குத்தில் முடுக்கப்பட்ட இயக்கம், இரண்டும் சேர்ந்தால் பாதை பரவளையம் (parabola) என்ற வளைவு என்று நிறுவினார். அதற்கு முன்னால், பீரங்கிக் குண்டு நேர்கோட்டில் போய், வேகம் தீர்ந்தபின் கீழே விழுகிறது என்கிற மாதிரியான எண்ணம்தான் பரவலாக இருந்தது. 45 டிகிரியில் சுட்டால் அதிக தூரம் போகும் என்று தார்த்தாலியா என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1537-லேயே சொல்லிவிட்டார். ஏன் அப்படி என்பதற்கு முறையான நிரூபணம் கலிலியோவின் பிரிப்பு வந்த பிறகே கிடைத்தது.

இந்தப் பிரிப்பை மனம் நம்பாவிட்டால் பிறகு எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒட்டாது. அதனால் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒரு ஸ்கேலை மேஜை விளிம்பில் பாதி வெளியே நீட்டியபடி வையுங்கள். நீட்டிய முனையின் மேல் ஒரு ரூபாய் நாணயம். இன்னொரு நாணயத்தை மேஜை மேலேயே, விளிம்பை ஒட்டி, ஸ்கேலின் பக்கத்தில் வையுங்கள். ஸ்கேலைப் பக்கவாட்டில் சட்டென்று தட்டினால், முனையில் இருந்த நாணயத்தின் அடியிலிருந்து ஸ்கேல் நழுவிவிடும், அது நேராகக் கீழே விழும். மற்ற நாணயம் ஸ்கேலில் அடிபட்டுத் தூரமாகப் பறக்கும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். இரண்டும் தரையில் படும் சத்தம் ஒன்றாகவே வரும். மேஜை 80 சென்டிமீட்டர் உயரம் என்றால் இரண்டுக்குமே 0.4 வினாடிதான். ஓங்கித் தட்டினால் பறக்கும் நாணயம் இன்னும் தூரம் போகும், ஆனால் தரையில் படும் நேரம் அதேதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 40 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தைக் கிடைத்தளத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி 20 மீ/வி வேகத்தில் எறிகிறோம். கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

முதல் வேலை படம் வரைவது. படத்தில் ஆதிப்புள்ளி எது, எந்தத் திசை நேர்க்குறி என்று எழுதிவிடுங்கள். நான் எறியும் இடத்தை ஆதிப்புள்ளியாகவும் மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகவும் எடுக்கிறேன். நீங்கள் கீழ்நோக்கி நேர்க்குறி எடுத்தாலும் விடை மாறாது. பாதியில் மாற்றினால்தான் ஆபத்து. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது இயற்பியல் தெரியாமல் அல்ல, பெரும்பாலும் இந்த ஒரு குறியில்தான்.

அடுத்து, தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கிடை, வலப்பக்கம் செங்குத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிடை வேகம் 20 × காஸ் 30, அதாவது 17.3 மீ/வி. செங்குத்து வேகம் 20 × சைன் 30, அதாவது 10 மீ/வி. கிடைப் பக்கம் முடுக்கம் சுழியம். செங்குத்துப் பக்கம் முடுக்கம் −10. பந்து கடைசியில் ஆதிப்புள்ளிக்கு 40 மீட்டர் கீழே இருக்கிறது, ஆகவே செங்குத்து இடப்பெயர்ச்சி −40.

இப்போது கேளுங்கள்: நேரம் எங்கே கிடைக்கும்? கிடைப் பக்கம் வேகம் தெரியும், தூரம் தெரியாது, நேரமும் தெரியாது. அங்கே வழியில்லை. செங்குத்துப் பக்கம் தொடக்க வேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி மூன்றும் தெரியும். நேரம் அங்கிருந்துதான் வரும்.

−40 = 10 × நேரம் − 5 × நேரம்²

ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால், நேரம்² − 2 × நேரம் − 8 = 0. இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் 4, −2. எடுத்துக்கொள்வது 4 வினாடி. அதைக் கிடைப் பக்கம் கொண்டுபோனால் தூரம் 17.3 × 4, சுமார் 69.3 மீட்டர். அவ்வளவுதான்.

நெடுக்கச் சூத்திரத்தை இங்கே போட்டிருந்தால் 34.6 மீட்டர் என்று வந்திருக்கும், சரியாகப் பாதி. எறிந்த மட்டத்துக்கே பந்து திரும்பி வர 2 வினாடி, தரைக்கு வர 4 வினாடி. சூத்திரம் முதல் 2 வினாடியோடு நின்றுவிட்டது. போட்டித் தேர்வுகளில் இப்படிப்பட்ட தவறான விடை நான்கு விருப்பங்களில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று தோன்றும்.

இதே கணக்கைப் பலர் இரண்டு துண்டாகப் போடுவார்கள். மேலே போக 1 வினாடி, அதற்குள் 5 மீட்டர் ஏறுகிறது, பிறகு உச்சியிலிருந்து 45 மீட்டர் விழ 3 வினாடி, மொத்தம் 4. இதுவும் சரிதான், சரிபார்க்க நல்ல வழி. ஆனால் தேவையில்லை. இடப்பெயர்ச்சி என்பது தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் மட்டும் பார்க்கும் அளவு. பந்து நடுவில் ஏறியதா இறங்கியதா என்பதை −40 என்ற ஒரே எண் ஏற்கெனவே உள்ளடக்கியிருக்கிறது.

அந்த −2-ஐயும் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். நேரம் எதிர்மறையாக இருக்காது என்று அடித்துவிட்டுப் போவது தேர்வுக்குப் போதும். ஆனால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. நம் பந்து மாடியிலிருந்து கிளம்பாமல், அதே பரவளையத்தில் தரையிலிருந்தே வந்திருந்தால், மாடி மட்டத்தைக் கடப்பதற்கு 2 வினாடி முன்னால் தரையை விட்டிருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடம் என்று ஒன்று இருப்பது தெரியாது, அதற்குத் தெரிவது முழுப் பரவளையம் மட்டும். உச்சி 1-ஆவது வினாடியில். அங்கிருந்து முன்னால் 3 வினாடி போனால் 4, பின்னால் 3 வினாடி போனால் −2. சமச்சீர் அப்படியே இருக்கிறது.

தரையில் மோதும் வேகமும் கேட்பார்கள். இங்கே இறுதி வேகம் சுழியம் என்று எழுதுபவர்கள் நிறைய. தரையில் விழுந்த பிறகு பந்து நிற்கலாம், ஆனால் நிறுத்துவது தரையின் விசை. நம் சமன்பாடுகள் தரையைத் தொடுவதற்கு முந்தைய கணம் வரைக்கும்தான் செல்லுபடி. அந்தக் கணத்தில் செங்குத்து வேகம் 10 − 40 = −30, கிடை வேகம் அதே 17.3. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 900 + 300 = 1200, வர்க்கமூலம் சுமார் 34.6 மீ/வி. முன்னால் மீட்டரில் வந்த எண்ணும் இதுவும் ஒத்திருப்பது நாம் எடுத்த மதிப்புகளால் வந்தது, குழம்ப வேண்டாம். ஆற்றல் அழிவின்மையை வைத்தும் சரிபார்க்கலாம்: 20² + 2 × 10 × 40 = 1200. நேரமே தேவைப்படவில்லை பாருங்கள். வேகத்தின் அளவு மட்டும் கேட்டால் இதுதான் குறுக்குவழி. திசை கேட்டால் கூறுகளிடம்தான், அதாவது கிடை வேகம், செங்குத்து வேகம் என்ற இரண்டிடமும்தான் போக வேண்டும்.

இப்போது கேள்வியைத் திருப்புவோம். தரையிலிருந்து ஒரு பந்தை அடிக்கிறோம். கிடை வேகம் 20 மீ/வி, செங்குத்து வேகமும் 20 மீ/வி. 60 மீட்டர் தூரத்தில் 12 மீட்டர் உயரச் சுவர். தாண்டுமா?

மேலே செய்தது போலச் செங்குத்துப் பக்கம் ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே பந்தின் உயரமே தெரியாது, அதைத்தானே கண்டுபிடிக்கப் போகிறோம். கிடைப் பக்கம் பாருங்கள்: 60 மீட்டர், 20 மீ/வி. நேரம் 3 வினாடி. அதைச் செங்குத்துப் பக்கம் கொண்டுபோனால் உயரம் 20 × 3 − 5 × 9 = 15 மீட்டர். சுவருக்கு 3 மீட்டர் மேலே போகிறது. அந்தக் கணத்தில் செங்குத்து வேகம் 20 − 30 = −10, அதாவது பந்து ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் கணக்கில் நேரம் செங்குத்திலிருந்து கிடைக்குப் போனது, இதில் கிடையிலிருந்து செங்குத்துக்கு வந்தது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் தடுமாறுவது இந்தத் திசை மாற்றத்தில்தான்.

இரண்டு பக்கமும் கைவிடும் கணக்குகளும் உண்டு. கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்வோம். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். வீரரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் உயரம் 2.05 மீட்டர் என்று வைப்போம், ஆக 1 மீட்டர் ஏற்றம். வளையத்தின் மையம் வரை கிடைத் தூரம் 4.2 மீட்டர். 45 டிகிரியில் எறிந்தால் என்ன வேகம் வேண்டும்?

வேகமும் தெரியாது, நேரமும் தெரியாது. பயப்படத் தேவையில்லை, இரண்டு அறியாத எண்கள் என்றால் இரண்டு சமன்பாடுகள் வேண்டும், நம்மிடம் சரியாக இரண்டு இருக்கின்றன. 45 டிகிரி என்பதால் கிடை வேகமும் செங்குத்து வேகமும் சமம். கிடைப் பக்கம் எழுதினால், கூறு வேகம் × நேரம் = 4.2. செங்குத்துப் பக்கம் எழுதினால், கூறு வேகம் × நேரம் − 5 × நேரம்² = 1. இரண்டாவதில் வரும் முதல் உறுப்பு ஏற்கெனவே 4.2 என்று தெரிந்துவிட்டது. ஆகவே 4.2 − 5 × நேரம்² = 1, நேரம்² = 0.64, நேரம் 0.8 வினாடி. கூறு வேகம் 4.2 ÷ 0.8 = 5.25 மீ/வி. மொத்த வேகம் அதை 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 7.4 மீ/வி.

இங்கே விடையோடு நிறுத்தாதீர்கள். வளையத்தை அடையும்போது செங்குத்து வேகம் 5.25 − 8 = −2.75. எதிர்க்குறி, அதாவது பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நேர்க்குறி வந்திருந்தால் பந்து கீழேயிருந்து வளையத்தை நோக்கி ஏறுகிறது என்று அர்த்தம், கணக்கின்படி புள்ளியைத் தொட்டிருக்கும், ஆனால் கூடையில் விழுந்திருக்காது. ஒவ்வொரு விடையிலும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பழகினால் தவறுகள் தாமாகவே கண்ணில் படும்.

கேள்வியைப் படிக்கும்போதே சிக்கவைக்கும் சில சொற்கள் இருக்கின்றன. ‘செங்குத்துடன் 30 டிகிரி’ என்றால் கிடைத்தளத்துடன் 60 டிகிரி. கிடைக்கு எப்போதும் காஸ், செங்குத்துக்கு எப்போதும் சைன் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே விழுவார். கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குக் காஸ் என்று நினைவில் வையுங்கள். அடுத்தது ‘விமானத்திலிருந்து போடப்பட்ட பொட்டலம்’. போடப்பட்டது என்றதும் தொடக்க வேகம் சுழியம் என்று எழுதிவிடுகிறார்கள். விமானத்தின் வேகம் முழுதும் பொட்டலத்துக்கும் இருக்கிறது. 10 மீ/வி வேகத்தில் மேலே ஏறும் பலூனிலிருந்து மணல் மூட்டையை விட்டால், அது முதலில் இன்னும் 5 மீட்டர் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அப்புறம், உச்சிப் புள்ளி. உச்சியில் சுழியமாவது செங்குத்து வேகம் மட்டும். கிடை வேகம் அப்படியே இருக்கிறது, முடுக்கமும் அதே 10 கீழ்நோக்கி. உச்சியில் முடுக்கம் சுழியம் என்றால் அதற்குப் பிறகு வேகம் மாறவே மாறாது, பந்து அதே உயரத்தில் கிடையாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்படி யோசித்தால் இந்தத் தவறு திரும்ப வராது.

45 டிகிரி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘அதிக நெடுக்கம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலரின் கை தானாக 45 எழுதுகிறது. எறியும் மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது சரி. நம் முதல் கணக்கையே எடுங்கள். அதே 40 மீட்டர் மாடி, அதே 20 மீ/வி. 45 டிகிரியில் எறிந்தால் இரண்டு கூறுகளும் 14.1 மீ/வி, தரைக்கு வர 4.58 வினாடி, தூரம் சுமார் 64.7 மீட்டர். 30 டிகிரியில் 69.3 கிடைத்ததே! காரணம் எளிது. கீழே விழ எப்படியும் நிறைய நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள உயரத்தைவிடக் கிடை வேகத்தில் முதலீடு செய்வது லாபம். சொல்லப்போனால் இந்த மாடிக்கும் இந்த வேகத்துக்கும் 30 டிகிரிதான் மிகச் சிறந்த கோணம். அதிக தூரம் தரும் கோணத்தில் எறிந்தால், எறியும் திசையும் தரையில் மோதும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் என்று ஓர் அழகான முடிவு உண்டு. மோதும்போது செங்குத்து வேகம் 30, கிடை வேகம் 17.3, ஆகவே 60 டிகிரி கீழ்நோக்கி. எறிந்தது 30 டிகிரி மேல்நோக்கி. கூட்டினால் 90. குண்டு எறிதல் வீரர்கள் 45-க்குக் குறைவான கோணத்தில் எறிவதற்கும் இது ஒரு காரணம், குண்டு தோள் உயரத்துக்கும் மேலேயிருந்து கிளம்பித் தரையில் விழுகிறது. தாழ்வான கோணத்தில் உடலால் அதிக வேகம் கொடுக்க முடிவதும் இன்னொரு காரணம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்ற வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் மேலே செய்த அத்தனையும் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. காற்றின் தடை பந்தின் மொத்த வேகத்தைப் பொறுத்தது, அதன் மொத்தத் திசைக்கு எதிரானது. கிடை வேகம் அதிகமானால் செங்குத்துப் பக்கத்தின் தடையும் மாறும். அதாவது இரண்டு பக்கங்களும் தனித்தனி என்ற அடிப்படையே உடைகிறது. அதனால்தான் காற்றோடு கூடிய கணக்கைக் கணினியில் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகப் போடுகிறார்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இரும்புக் குண்டுக்கு நம் கணக்கு அருமையாகப் பொருந்தும். பூப்பந்தாட்டத்தின் இறகுப்பந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது, அது ஏறும்போது ஒரு வளைவும் இறங்கும்போது அதைவிடச் செங்குத்தான வளைவும் போடும். உங்கள் பாடத்திட்டத்துக்குக் காற்றில்லாத கணக்கு போதும்.

பயிற்சிக்கு நூறு கணக்கு தேட வேண்டாம். ஒரு கணக்கை எடுத்து, கொடுத்ததையும் கேட்டதையும் இடம் மாற்றிப் போடுங்கள். சுவர்க் கணக்கில் சுவரின் உயரத்தை 15 மீட்டர் என்று கொடுத்து, அதை உரசிப் போகும் தூரம் எது என்று கேட்டுப் பாருங்கள். 20 × நேரம் − 5 × நேரம்² = 15 என்று வரும், இந்த முறை 1, 3 என்று இரண்டு நேர்க்குறி மூலங்கள். இரண்டுமே சரியான விடைகள்: ஏறும்போது 20 மீட்டரில் ஒருமுறை, இறங்கும்போது 60 மீட்டரில் ஒருமுறை.

இன்னொன்றை நீங்களே போடுங்கள். முதல் கணக்கின் அதே மாடி, அதே 20 மீ/வி, ஆனால் 30 டிகிரி கீழ்நோக்கி எறிகிறோம். தாளில் கோடு போட்டு, குறிகளைக் கவனமாக எழுதுங்கள். நேரம் 2 வினாடி, தூரம் சுமார் 34.6 மீட்டர், தரையில் மோதும் கோணம் அதே 60 டிகிரி என்று வந்தால் சரி. மூலங்கள் 2, −4 என்று வந்திருக்கும். முதல் கணக்கின் 4, −2 ஏன் இப்படிக் குறி மாறி வந்தது என்பதை, மேலே எறிந்த பந்து 2 வினாடி கழித்து மாடி மட்டத்தைக் கடக்கும்போது அதன் திசைவேகம் என்ன என்று கணக்கிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.